நீச்சல்குளச் சுவருக்குக் கிருமி தடுக்கும் பூச்சு: அடித்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவே எங்கள் வீடு. பிள்ளைகளுக்காகப் பின்பக்கம் சின்னதாக ஒரு நீச்சல்குளம் கட்டியிருக்கிறோம். சாரல் தொடங்கிவிட்டால் போதும், சுவரோரமும் படியும் வழவழவென்று ஆகிவிடுகின்றன. தேய்த்துக் கழுவினாலும் ஒரே வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது.

குளத்தில் தண்ணீர் இருந்தவரை, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு), பிஎச் (அமில-காரத் தன்மை அளவு) 7.2 முதல் 7.8 வரை இருக்கிறதா என்று தினமும் பார்த்துவந்தேன். ஆனால் அந்த வழவழப்புப் படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் குளோரின் எளிதில் எட்டுவதில்லை. 2024-இல் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அமீபா மூளைக்காய்ச்சலில் குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. குடித்தால் வராது, மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறினால் வரும் நோய் அது. எங்கள் பிள்ளைகளோ முங்கு நீச்சலை விடவே மாட்டார்கள். இப்போதைக்கு யாரையும் இறங்க விடவில்லை.

புனலூரில் ஒரு கடையில், வெள்ளி அயனி கலந்த பூச்சு அடித்தால் குளோரினே தேவையில்லை என்றார்கள். அதை நான் ஏற்கவில்லை. பூச்சு சுவரைக் காக்கலாம், தண்ணீரில் மிதக்கும் கிருமியை அது என்ன செய்யும்? குளோரினை நிறுத்தப்போவதில்லை.

இப்படிப் பூச்சு அடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சிமெண்ட் சுவரில் நன்றாகப் பிடித்ததா, குளோரின் பட்டு உரிந்ததா? செம்பு கலந்தது என்றால் கறை விழுந்ததா? அப்புறம், தென்காசிப் பக்கம் இந்த வேலை தெரிந்த ஆள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். குளத்தை வடித்துக் காயப்போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த மழைக்குள் முடித்தாக வேண்டும்.