ஹர்ஸ்ட்டின் சுறாவுக்கு எந்த ஆண்டு போடுவது?

வெள்ளைச்சுவர்:
பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட், செத்த விலங்குகளை ஃபார்மால்டிஹைடு என்ற பதப்படுத்தும் திரவத் தொட்டியில் வைத்துக் காட்டுபவர். அந்தப் படைப்புகளில் மூன்று, 1990களின் தேதியோடு காட்டப்பட்டாலும் 2017இல்தான் செய்யப்பட்டன என்று 2024இல் பிரிட்டிஷ் நாளிதழ் கார்டியன் எழுதியது. இரண்டு கன்றுகளை வைத்த ‘காயீனும் ஆபேலும்’ (1994) அதில் ஒன்று. கருத்துக் கலையில், அதாவது பொருளைவிட எண்ணமே முக்கியமான கலையில், கரு உதித்த ஆண்டே படைப்பின் ஆண்டு என்பது அவர் தரப்பு பதில். எனக்கு இது சரியாகவே படுகிறது. அமெரிக்கக் கருத்துக் கலைஞர் சால் லெவிட்டின் சுவரோவியத்தை யாரோ தீட்டி, யாரோ அழித்து, வேறு ஊரில் மறுபடி தீட்டுகிறார்கள். 1968இல் உருவானது இன்றும் 1968தானே?

மைக்கூடு:
லெவிட்டை இழுக்காதீங்க. அங்கே வாங்குபவருக்குக் கிடைப்பது சான்றிதழும் எப்படித் தீட்டுவது என்ற குறிப்பும். சுவரில் இருப்பது புதுப் பூச்சு என்பது ஊரறிந்த விஷயம். ஹர்ஸ்ட்டிடம் வாங்குபவருக்கு வருவது தொட்டி, உடல், திரவம்.

வெள்ளைச்சுவர்:
அப்போ ஹர்ஸ்ட் 1991இல் தொட்டியில் வைத்த அந்தப் பிரபலமான சுறாவே 1991 இல்லையே. 2006இல் மீனையே மாற்றினார்கள்.

ஃபார்மலின்:
அது ஏன் கெட்டது என்று பார்த்தால் வாதம் தெளியும். ஃபார்மால்டிஹைடு புரதங்களைப் பிணைத்து அழுகலை நிறுத்துகிறது. ஆனால் தோலிலிருந்து உள்ளே மெதுவாகத்தான் இறங்கும். 14 அடி புலிச்சுறாவைச் சும்மா ஊறப்போட்டால், மருந்து போய்ச் சேருமுன் குடல் அழுகிவிடும். அதுதான் நடந்தது. திரவம் கலங்கியது, தோல் சுருங்கியது. 1993இல் அதை வைத்திருந்த சாச்சி கலைக்கூடத்தார் தோலை உரித்து ஃபைபர் கிளாஸ் அச்சின்மேல் போர்த்தினார்கள். 2004இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஸ்டீவன் கோஹன் வாங்கியதும் அதைத்தான். 2006இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆலிவர் கிரிம்மன் உதவியோடு, புதுச் சுறாவுக்குள் ஆழமாக ஊசி செலுத்தி, 7 சதவீதக் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்தார்கள். ‘உடல்தான் படைப்பு’ என்றால் அது 1993லேயே செத்துப்போச்சு.

மைக்கூடு:
ஒத்துக்கொள்கிறேன், மாற்றியதில் தப்பே இல்லை. ஊரறிய மாற்றினார்கள். 1991இல் ஒரு தொட்டி இருந்தது, ஜனங்கள் பார்த்தார்கள். 2017 கன்றுகள் அப்படியா? 1994இல் அவை எங்கேயும் இல்லை. பழுதுபார்ப்பது வேறு, இல்லாததற்குப் பிறந்த தேதி எழுதுவது வேறு. தேதி சும்மா ஒரு எண்ணும் இல்லை. 1995இல் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசு வாங்கிய காலத்து ஹர்ஸ்ட் ஒரு விலை, 2008 செப்டம்பரில் லீமன் வங்கி திவாலான அதே நாளில் தொடங்கிய சோத்பீஸ் ஏலத்தில் 111 மில்லியன் பவுண்டுக்கு விற்ற பிறகான ஹர்ஸ்ட் இன்னொரு விலை.

ஃபார்மலின்:
புகைப்படக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள்: நெகட்டிவ் ஆண்டு, பிரிண்ட் ஆண்டு, இரண்டும் அட்டையில் இருக்கும். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இறந்தபின் வார்த்த வெண்கலச் சிலைகளிலும் வார்ப்பு ஆண்டைத் தனியாகக் குறிப்பிடுகிறார்கள். ‘கரு 1994, ஆக்கம் 2017’ என்று போட என்ன கஷ்டம்?

வெள்ளைச்சுவர்:
இரண்டு ஆண்டு போடலாம், அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் போடாததை மோசடி என்பது அதிகம். கலைஞனின் விளக்கம் பொய்யில்லை.

மைக்கூடு:
அப்படியானால் ஹர்ஸ்ட்டின் ‘தி கரன்சி’ ஓவிய வரிசைக்கு என்ன சொல்வீர்கள்? 10,000 புள்ளி ஓவியங்கள், எல்லாம் 2016 என்ற கணக்கு. குறைந்தது ஆயிரமாவது 2018, 2019இல் தீட்டப்பட்டவை என்பதும் கார்டியன் செய்திதான். ஒவ்வொன்றும் தனித் தாள், தனித் தலைப்பு, தனிக் கையெழுத்து. கரு ஒன்றுதான், சரி. கையெழுத்துமா 2016இல் உதித்தது?