மறு: ‘ரிமோட் டெஸ்க்டாப்’புக்குத் தமிழ் – வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

தலவாக்கலை, திங்கள் மாலை 4.10

அனைவருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலைக் கணினி அறைகளுக்கான கையேட்டில் ஏழாம் பாடம் மட்டும் நிற்கிறது. ஓர் ஊரில் இருந்துகொண்டு இன்னோர் ஊர்க் கணினியைத் திறந்து வேலை செய்வது பற்றிய பாடம். மூன்று சொல் வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஒன்று. இரு முனையிலும் இருக்கும் கணினிகளுக்கு ஒவ்வொன்று. வரைவில் ‘தொலைமேசை’ என்று போட்டிருந்தேன். மேசையை ஏன் தொலைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கணினிகளை ‘இந்தக் கணினி’, ‘அந்தக் கணினி’ என்று எழுதியது அதைவிட மோசம். ஹட்டனில் வாசிப்பவருக்கு ‘இந்த’ எதுவோ, பொகவந்தலாவையில் வாசிப்பவருக்கு அதுவே ‘அந்த’.

கண்டி, திங்கள் இரவு 9.30

கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள், டீச்சர். ‘தொலைமேசை’யை வினைத்தொகையாகவும் படிக்கலாம். தொலைந்த மேசை, தொலைகின்ற மேசை, தொலையும் மேசை. மூன்று காலத்திலும் மேசை கைக்கு வராது. ‘தொலைக்காட்சி’யில் ஒரு க் வந்து மானத்தைக் காப்பாற்றுகிறது. இங்கே அடுத்து வருவது மகரம் என்பதால் அந்த வழியும் அடைபட்டது.

தூரத்துக்கு நம்மிடம் சேய்மை இருக்கிறது. சேய்மைச் சுட்டு, சேய்மை விளி என்று இலக்கண வகுப்பில் பிள்ளைகள் கேட்ட சொல்தான். ஆகவே ‘சேய்த்திரை’. மலைநாட்டுக்கும் இது பொருந்தும்: குறிஞ்சிக்குரிய தெய்வம் சேயோன். அங்கே சேய் என்பது செம்மை என்பார்கள். ஆனால் அந்திச் சிவப்பு தூரத்து மலைக்கு அப்பால்தானே தெரிகிறது? செம்மையும் சேய்மையும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். விரிவாக நாளை எழுதுகிறேன்.

பதுளை, செவ்வாய் காலை 7.05

> ஆகவே ‘சேய்த்திரை’.

சேர், சேய்க்குக் கணினியில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ஒரு சாளரத்துக்குள்ளிருந்து பிறக்கும் சாளரத்தைச் சேய்ச் சாளரம் என்கிறோம். மாணவர் குழம்புவார்கள்.

சொல்லைப் பிடிக்கும் முன் பொருளைப் பாருங்கள். ஏழாம் பாடத்தில் இரண்டு வேறு காரியங்கள் ஒரே தலைப்பில் கிடக்கின்றன. விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டப்பட்டுவிடும். தூரத்தில் இருப்பவர் தனியாக வேலை செய்வார். எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க், வி.என்.சி போன்ற மென்பொருள்களில் இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்ப்பார்கள், சுட்டிக்காக இழுபறிகூடப் படலாம். ஆசிரியர் ஒருவருக்கு எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுக்க முதல் வகை உதவாது. கண்காட்சிக்குப் பூட்டிய கதவு மாதிரி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், “திரை பூட்டிக்கிச்சு, பழுதாப் போச்சு” என்று போன் வரும்.

என் முன்மொழிவு: பொதுப்பெயர் ‘தொலைத்திரை’. இருவரும் பார்க்கும் வகைக்கு ‘பகிர்திரை’.

கண்டி, செவ்வாய் காலை 10.40

பகிர்திரை நல்ல வினைத்தொகை, ஒற்று மிகாமல் சரியாக எழுதியிருக்கிறீர்கள். தொலைத்திரையில் த் இருப்பதால் ‘தொலையும் திரை’ என்ற பொருளும் வராது. இலக்கணத்தில் குற்றமில்லை. ஆனாலும் ‘தொலைந்து போ’ என்று திட்டும் நாவுக்கு அந்த நுணுக்கம் தெரியாது. சேய் வேண்டாமென்றால் சேண் இருக்கிறது. உயரமும் தூரமும் சேர்ந்த பொருள். சேண் + திரை, ணகரத்தின் முன் தகரம் வந்து இரண்டும் திரிந்து ‘சேட்டிரை’. மண் + குடம் மட்குடம் ஆவது போல.

வெறுமனே பார்க்க மட்டும் அனுமதிக்கும் முறைக்கு ‘கண்காணி’ என்று வைக்கலாம்.

மஸ்கெலியா, செவ்வாய் பிற்பகல் 1.15

சேட்டிரை என்றால் சேட்டு மாட்டிய திரையா ஐயா? பிள்ளைகள் முதல் நாளே இஸ்திரிப் பெட்டி கொண்டுவருவார்கள்.

கண்காணி வேண்டவே வேண்டாம். அந்தச் சொல் வாய்க்கு வாய் தேய்ந்துதான் கங்காணி ஆனது. இந்தியாவிலிருந்து ஆள் கட்டி வந்தவர் அவர், வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் தோட்டத்திடம் காசு வாங்கியவரும் அவர். அகராதியில் அது சுத்தமான தமிழ்தான். தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை அறைகளான லயத்தில் அதற்கு நூற்றைம்பது வருஷத்துக் கணக்கு இருக்கிறது. பிள்ளை உட்கார்ந்திருக்கும் கணினிக்கு மேலே ஒரு பொத்தான், அதில் ‘கண்காணி’ என்று எழுத்து. யார் அழுத்த விடுவார்கள்? ‘பார்க்க மட்டும்’ என்று எழுதுங்கள், போதும்.

நுவரெலியா, செவ்வாய் மாலை 6.20

பெயரைவிட ‘இந்த–அந்த’ தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுட்டெழுத்து அ, இ, உ என்று மூன்று. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. இது என்றால் என்னிடம் உள்ளது, உது என்றால் கேட்கும் உங்களிடம் உள்ளது, அது என்றால் இருவருக்கும் அப்பால். தொலைபேசியில் உதவி சொல்லும்போது வேண்டியது இதே பிரிவினைதான்! ‘இத்திரை’ என் முன்னால், ‘உத்திரை’ உங்கள் முன்னால். ஒரு எழுத்தில் முடிந்துவிடும்.

மஸ்கெலியா, செவ்வாய் மாலை 6.45

அழகான யோசனை, அக்கா. ஆனால் மலையகப் பேச்சில் உகரச் சுட்டு இல்லை. எங்கள் முன்னோர் திருச்சி, சேலம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தபோதே அதைக் கப்பலில் ஏற்றவில்லை. ‘உத்திரை’ என்று எழுதினால் அச்சுப்பிழை, ‘முத்திரை’தான் என்று திருத்திவிடுவார்கள்.

கண்டி, செவ்வாய் இரவு 10.05

உகரச் சுட்டு பற்றிச் சொன்னது பொன்னான செய்தி. ‘உவன்’, ‘உவள்’ பழம்பாட்டிலும் உண்டு. இதைத் தனி இழையாகப் பேச வேண்டும்.

இரு முனைகளுக்கு: திரையைக் கொடுப்பது ‘வழங்கி’, பெறுவது ‘வாங்கி’. சேவையகத்துக்கு (சர்வர்) வழங்கி என்ற பெயர் ஏற்கெனவே புழங்குகிறது.

பதுளை, புதன் காலை 6.50

> திரையைக் கொடுப்பது ‘வழங்கி’

தொழில்நுட்பப்படி சரி. வகுப்பில் தலைகீழாகும். கட்டளை வழங்குபவர் தூரத்து ஆசிரியர், ஆகவே அவருடையதுதான் வழங்கி என்று பத்தில் எட்டுப் பேர் நினைப்பார்கள். ‘இயக்கும் கணினி, இயங்கும் கணினி’ என்றும் யோசித்தேன். மங்கலான போட்டோக் கொப்பியில் க்-கும் ங்-கும் ஒன்றாகிவிடும். போதாததற்கு ‘இயங்கும் கணினி’ என்றால் பழுதில்லாத கணினி என்றும் பொருள்.

நுவரெலியா, புதன் காலை 8.30

வீட்டுக்காரர், விருந்தாளி? கதவைத் திறப்பவர் வீட்டுக்காரர்தான். முன்பின் தெரியாத குரல் போனில் வந்து ‘எண்ணைச் சொல்லுங்கள், கணினியைச் சரிசெய்கிறேன்’ என்றால், தெரியாத விருந்தாளியை உள்ளே விடாதே என்று அதே உவமையில் எச்சரித்தும் விடலாம்.

மஸ்கெலியா, புதன் காலை 8.55

லய அறையில் இருப்பவரை வீட்டுக்காரர் என்கிறீர்கள்! காணியும் அவருடையது இல்லை, கூரையும் அவருடையது இல்லை. வீட்டுக்காரர் என்றால் அம்மாமாருக்குப் புருஷன் வேறு. உவமை எச்சரிக்கைப் பெட்டிக்குள் இருக்கட்டும், கணினிக்கு ஏற வேண்டாம். வினையாகவே சொல்லுங்கள்: ‘திறந்துவிடும் கணினி’, ‘நுழையும் கணினி’. நீளம்தான், ஆனால் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பதுளை, புதன் இரவு 11.20

அந்த இரண்டு சொல்லையும் வைத்துப் பாடத்தை எழுதிப் பார்த்தேன். சொல் தாங்குகிறதா என்று பாருங்கள். (தட்டச்சிட வேண்டிய கட்டளைகள் கையேட்டில் ஆங்கில எழுத்தில் போகும்.)

ஒரே அறைக்குள்: திறந்துவிடும் கணினியில் விண்டோஸ் புரோ வேண்டும். ஹோம் பதிப்பால் நுழைய முடியும், திறந்துவிட முடியாது. அமைப்புகளில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்குங்கள். கட்டளைச் சாளரத்தில் ஐபிகான்பிக் என்று அடித்து ஐபி எண்ணை, அதாவது வலையமைப்பில் அந்தக் கணினியின் முகவரியை, குறித்துக்கொள்ளுங்கள். நுழையும் கணினியில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, எம்.எஸ்.டி.எஸ்.சி அடித்து, அந்த எண்ணைக் கொடுங்கள். அன்றாடம் அடிக்கும் ‘பின்’ (PIN) எண் இங்கே செல்லாது, கணக்கின் கடவுச்சொல்தான் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கு என்றால் விண்டோஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பும்.

இரண்டு ஊருக்கு இடையில்: ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்குரிய 3389ஆம் வாயிலை (போர்ட்) இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். அதைத் தேடிக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக அலைகின்றன. 2019இல் தெரியவந்த ‘புளூகீப்’ என்ற பாதுகாப்பு ஓட்டை, விண்டோஸ் 7இல் கடவுச்சொல் கேட்கப்படும் முன்பே உள்ளே விட்டது. சிம் போட்ட ரவுட்டரில் திறந்தாலும் பலன் இராது. ரவுட்டரின் வெளி ஐபி எண் 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், ஒரே பொது எண்ணைப் பல வாடிக்கையாளர் பகிர்கிறார்கள் என்று பொருள். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டர்வரை வராது. இங்கேதான் பகிர்திரை. எனிடெஸ்க்கோ ரஸ்ட்டெஸ்க்கோ இருந்தால், இரு கணினியும் வெளியே போய் நடுவில் ஒரு சேவையகத்தில் சந்திக்கின்றன, ஆகவே ரவுட்டரைத் தொட வேண்டியதில்லை. திறந்துவிடும் கணினியின் அடையாள எண்ணை நுழையும் கணினியில் கொடுங்கள். திறந்துவிடும் பக்கத்தில் ‘ஏற்கிறேன்’ அழுத்த வேண்டும்.

கறுப்புத் திரை வந்தால்: மென்பொருளை நிறுவாமல் கோப்பை மட்டும் திறந்து ஓட்டினால், நிர்வாகி அனுமதிப் பெட்டி எழும்போது நுழைபவருக்குத் திரை கறுத்து நிற்கும். திறந்துவிடும் கணினியில் முறையாக நிறுவுங்கள். மொனிட்டர் மாட்டாத கணினியும் கறுப்பைத்தான் காட்டும். பொய்யான மொனிட்டராக நடிக்கும் சின்ன எச்டிஎம்ஐ செருகி ஒன்று போதும். கணினி உறங்கிவிட்டால் யாராலும் நுழைய முடியாது, ஆகவே உறக்க நேரத்தை ‘ஒருபோதும் இல்லை’ என்று வையுங்கள். கரண்ட் போய் வந்தபின் தானாக எழும்ப, பயோஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பு) மின்சாரம் திரும்பியதும் இயங்கும்படி மாற்றுங்கள். மழைக்காலத்தில் இந்த ஒரு வரிக்காகவே கையேடு விற்கும்.

தமிழ் தட்டச்சு: இரண்டு கணினியிலும் தமிழ் உள்ளீடு இயங்கினால் எழுத்து இரட்டிப்பாக மாறிச் சிதறும். நுழையும் கணினி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். திறந்துவிடும் கணினியில் மட்டும் தமிழுக்கு மாற்றுங்கள்.

தலவாக்கலை, வியாழன் காலை 9.00

படித்தேன், எந்த இடத்திலும் ‘எந்தக் கணினி?’ என்று நின்று யோசிக்க வரவில்லை. ஆகவே திறந்துவிடும் கணினி, நுழையும் கணினி. பொதுப்பெயருக்கு ‘தொலைத்திரை’ மூன்று பேர், ‘ரிமோட்’ என்றே விடலாம் ஒருவர், எதிர்ப்பு ஒருவர். முதல் தடவை வரும் இடத்தில் ‘தொலைத்திரை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்’ என்று போடுகிறேன். திரையிலுள்ள பொத்தான் பெயர்களை மாற்றவில்லை.

கண்டி, வியாழன் காலை 9.40

எதிர்த்த ஒருவர் அடியேன்தான். சேட்டிரையைக் கைவிட்டேன். ‘சேய்மைத்திரை’யில் சேய்ச் சாளரமும் இல்லை, சேட்டும் இல்லை. அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

பதுளை, வியாழன் காலை 9.52

ஒரு அசை கூடுதல் சேர். மெனுவில் இடம் போதாது.

கண்டி, வியாழன் காலை 9.58

‘திறந்துவிடும் கணினி’க்கு மட்டும் இடம் போதுமாக்கும்.

தலவாக்கலை, வெள்ளி மாலை 3.30

அச்சகத்திலிருந்து படி வந்தது. 14 இடத்தில் ஒற்றை விழுங்கி ‘தொலைதிரை’ என்று அடித்திருக்கிறார்கள். திருத்தி அனுப்ப ஐந்து மணிவரை நேரம் தந்திருக்கிறார்கள்.

கண்டி, வெள்ளி மாலை 3.34

பார்த்தீர்களா, தொலைந்தேவிட்டது. ‘சேய்மைத்திரை’ என்று மாற்றினாலும் அதே 14 இடம்தான், டீச்சர்.