ஹால்ஷ்டாட்டுக்கு ஒரு நாள்: தனிக் கார், கைட் எடுக்கலாமா, ரெயினிலேயே போகலாமா?

கொக்குவில் வாணி:

வணக்கம். ஜூன் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சூரிச்சில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போகிறேன். விசா கிடைத்துவிட்டது, அந்தக் கதையை எழுதத் தொடங்கினால் அதற்கே தனியாக ஒரு இழை வேண்டும். தம்பி மூன்று நாள் லீவு எடுத்து எங்களை ஒஸ்திரியாவுக்குக் கூட்டிப்போகிறானாம். சூரிச்சில் இருந்து நேரே சால்ஸ்பேர்க்குக்கு ரெயின், அங்கே இரண்டு இரவு, நடுவில் ஒரு நாள் ஹால்ஷ்டாட்.

அம்மாவுக்கு அந்த ஊரை எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டு விறாந்தைக் கலண்டர். ஏதோ ஒரு நகைக்கடை கொடுத்தது. மாதத்தாளெல்லாம் கிழித்து முடிந்து பல வருஷமாகியும் படத்தை மட்டும் ஆணியில் விட்டு வைத்திருக்கிறா. ஏரி, கரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற மர வீடுகள், ஊசி மாதிரி ஒரு தேவாலயக் கோபுரம், பின்னுக்கு மலை. ஒரு நாள் வீடியோ கோலில் போனைத் திருப்பிக் காட்டி "இது எந்த இடம் தம்பி" என்று கேட்டா, அவனும் தேடிப் பார்த்து ஊரின் பெயரைச் சொல்லிவிட்டான். அதோடு தொடங்கியது.

இப்போது விஷயம் என்னவென்றால், தம்பி சால்ஸ்பேர்க்கில் ஒரு ஆளிடம் தனிக் காரும் கைட்டும் சேர்த்து ஒரு நாளுக்கு விலை கேட்டிருக்கிறான். ஐந்து பேருக்கு 780 யூரோ, 9 மணித்தியாலம். அம்மா, நான், தம்பி, மச்சாள், அவர்களின் 3 வயது மகன். எங்கள் காசில் அதை மாற்றிப் பார்த்துவிட்டு நான் கதிரையில் இருந்துவிட்டேன். ரெயினில் போனால் இதில் கால்வாசியும் வராது என்று மச்சாள் சொல்கிறா. ஆனால் அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் சரியில்லை, நல்லூர் வீதியை ஒரு சுற்றுச் சுற்றினாலே இரண்டு இடத்தில் இருந்து எழும்ப வேணும். வெள்ளிக்கிழமை வேறு, அம்மா மரக்கறி மட்டும், முட்டையும் இல்லை.

போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கோ. அந்தக் காசுக்கு அது தகுமா?


லின்ஸ்காரன்:

அக்கா, நான் லின்ஸில் இருக்கிறேன். ஊரில் இருந்து யார் வந்தாலும் ஹால்ஷ்டாட் என்றுதான் கேட்பார்கள், ஆறோ ஏழோ தடவை போயாச்சு, இப்போது ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை மட்டும் பார்த்துவிட்டு நான் காருக்குள் நித்திரை கொள்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்கிறேன், அது 800 பேர்கூட இல்லாத ஊர். ஒரு பக்கம் தண்ணி, மற்றப் பக்கம் செங்குத்தாக மலை, நடுவில் கிடைத்த இடுக்கில்தான் வீடுகள். கோடையில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேர் வரை வந்து இறங்குகிறார்கள் என்று இங்கே செய்தியில் போடுவார்கள். 2023 இல் அந்தப் பிரபலமான படம் எடுக்கிற இடத்தில் பலகை வேலி அடித்து ஏரியையே மறைத்துப் பார்த்தார்கள், பேச்சு வாங்கி உடனே கழற்றினார்கள், அதே ஓகஸ்டில் ஊர்ச்சனம் தெருவுக்கு இறங்கி ஆர்ப்பாட்டமும் செய்தது. சீனாவில் இந்த ஊரை அப்படியே நகலெடுத்து 2012 இல் ஒன்று கட்டித் திறந்திருக்கிறார்கள் என்றால் பாருங்கோவன். ஆகவே நீங்கள் எதில் போகிறீர்கள் என்பதைவிட எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறீர்கள் என்பதுதான் முக்கியம். காலை 9 மணிக்கு முன்னால் நிற்க வேணும், இல்லையென்றால் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு. இடைப்பட்ட நேரம் நல்லூர்த் தேர் மாதிரி, ஆனால் சாமி இல்லை.

ரெயின் என்றால் சால்ஸ்பேர்க்கில் ஏறி அத்நாங்-புக்ஹைமில் மாறி வர வேணும், எப்படியும் இரண்டரை மணித்தியாலம். காரில் சுமார் 75 கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். அதனால் 9 மணிக்கு முதல் அங்கே நிற்பது ரெயினில் கஷ்டம், மூன்று வயதுப் பிள்ளையை விடிய வெள்ளன எழுப்பினால் பிறகு அந்த நாள் முழுக்க அவன்தான் உங்களுக்குக் கைட்.

ஆனால் ரெயினில் வருகிறவர்களுக்குக் கிடைக்கிற ஒன்று காரில் வருகிறவர்களுக்குக் கிடைக்காது. ஸ்டேஷன் ஏரியின் அந்தக் கரையில் இருக்கிறது, ஊர் இந்தக் கரையில். ரெயினுக்குப் படகு காத்து நிற்கும், பத்து நிமிஷத்தில் அக்கரை. அந்தப் பத்து நிமிஷமும் அம்மாவின் கலண்டர் படம் மெல்ல மெல்லப் பெரிசாகிக்கொண்டு வரும். காரில் போனால் தரிப்பிடத்தில் இறங்கி, சுற்றுலாக் கடைகளுக்கு நடுவால் ஊருக்குள் நுழைவீர்கள்.

இரண்டையும் சேர்க்க ஒரு வழி இருக்கிறது. காரில் போய், ஏரியின் தென்கிழக்கு மூலையில் இருக்கிற ஓபர்த்ரவுனில் உங்களை இறக்கிவிடச் சொல்லுங்கோ. அங்கே ரெயின் ஏறினால் அடுத்த தரிப்பே ஹால்ஷ்டாட், நாலைந்து நிமிஷம். அப்புறம் படகு. கார் சுற்றி ஊருக்கு வந்து உங்களை ஏற்றும். ரெயின் அடிக்கடி இல்லை, நேரம் பார்த்து வையுங்கோ.

தம்பிக்கு லைசன்ஸ் இருக்குத்தானே? நான் அவனுடைய இடத்தில் இருந்தால் சால்ஸ்பேர்க்கில் ஒரு நாளைக்குக் காரை வாடகைக்கு எடுத்து, ஊருக்குள் இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும் அந்த ஊர்க் கைட் ஒருவரைப் பிடிப்பேன்.


இணுவில் வான்:

நான் ஐரோப்பா போனதில்லை, ஆனால் இந்தத் தொழில்தான் செய்கிறேன். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு நல்லூர், கீரிமலை, பருத்தித்துறை, குறிகட்டுவானில் விட்டு நயினாதீவு. அதனால் இந்தப் பக்கத்தில் இருந்து கதைக்கிறேன் தங்கச்சி.

780 அதிகமா குறைவா என்று பார்க்காதேயுங்கோ, அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கோ. வருகிறவர் சாரதியா, கைட்டா, இரண்டும் சேர்ந்தவரா? எங்கள் நாட்டில் சாரதிக் கைட் என்று தனி லைசன்ஸே இருக்கிறது. ஒஸ்திரியாவில் கைட் வேலை சும்மா யாரும் செய்கிற வேலை இல்லை, சோதனை பாஸ் பண்ணி உரிமம் எடுக்க வேணும். சாரதி மட்டும் வருகிறார் என்றால் ஊர் வாசலில் உங்களை இறக்கிவிட்டு "மூன்று மணிக்கு இங்கே வாங்கோ" என்பதோடு அவருடைய வேலை முடிந்தது, அது கைட்டோடு போன பயணம் இல்லை, விலை கூடின டாக்சி. உரிமம் இருக்கா என்று நேரே கேளுங்கோ. கோபப்பட்டால் வேறு ஆளைப் பாருங்கோ.

அந்த 9 மணித்தியாலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, தரிப்பிடக் காசு யார் கட்டுவது, ரோப் கார் ரிக்கெற் அதற்குள்ளா வெளியா, பிள்ளைக்கு சீற் இருக்கா, பிந்தினால் மணிக்கு எவ்வளவு. இதெல்லாம் எழுத்தில். வாயால் சொன்னது வானம் பார்த்த பயிர்.

இன்னொன்று, போகிற வழியில் "ஒரு நல்ல கடை இருக்கிறது" என்று வண்டி திரும்பினால் விளங்கிக்கொள்ளுங்கோ. நானும் ஒரு காலத்தில் பனங்கைப்பணிக் கடைகளுக்குத் திருப்பினவன்தான், பொய் சொல்லவில்லை.


ஈலிங் சுமதி:

நாங்கள் போன வருஷம் அப்பா லண்டனுக்கு வந்தபோது போனோம், தனிப் பயணம் என்று காசு கட்டினால் காலையில் வானுக்குள் இன்னொரு குடும்பம் இருக்கிறது! கேட்டால் "சின்னக் குழு" என்றார்கள். ஆகவே மேலே அண்ணா சொன்னதை எழுத்தில் வாங்குங்கோ, "எங்களைத் தவிர யாரும் இல்லை" என்ற வசனத்தையும் சேர்த்து.

வாணி, முழங்கால் விஷயம். உப்புச் சுரங்கத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போகாதேயுங்கோ. மலைக்கு, தண்டவாளத்தில் கம்பி இழுக்கிற ரோப் காரில் ஏறினாலும் அதற்குப் பிறகு சுரங்க வாசலுக்கு ஏற்றத்தில் கால் மணித்தியாலம் நடை, உள்ளே 8 பாகை குளிர், மரச் சறுக்குகளில் சறுக்கிச் சறுக்கி இறங்க வேணும், ஒன்று 64 மீற்றர் நீளம். நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடவும் மாட்டார்கள். அதனால் உங்களில் இரண்டு பேர் எப்படியும் வெளியே. மேலே போய், ஊருக்கு 350 மீற்றர் உயரத்தில் இருக்கிற அந்தப் பார்வைத் தட்டில் நின்று பார்த்துவிட்டு இறங்குங்கோ, போதும். ரோப் காரைத் திருத்த வேலைக்கு மூடுகிற காலமும் உண்டு, காசு கட்ட முதல் ஓடுதா என்று பாருங்கோ.

எங்கள் அப்பா ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். அவர் வந்ததே உப்புக்காகத்தான். போய் இறங்கினதில் இருந்து "உப்பு எங்கே, குவியலைக் காணேல்லையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எங்களுக்கு வாய்த்த கைட் அம்மா, ஐம்பது வயதிருக்கும், அவவை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன், அப்பாவை ஒரு வாங்கில் இருத்தி வைத்து விளக்கினா, நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அங்கே உப்பு மலைக்குள் பாறையோடு கலந்து கிடக்கிறது. மலைக்குள் தண்ணியை விட்டு உப்பைக் கரைத்து, அந்த உப்புத்தண்ணியைக் குழாயில் வெளியே கொண்டுவந்து, காய்ச்சி உப்பெடுப்பார்கள். காய்ச்ச விறகு வேணும். பக்கத்துக் காடெல்லாம் வெட்டித் தீர்ந்து விறகு தட்டுப்பட, விறகைச் சுமந்து வருவதைவிட உப்புத்தண்ணியை விறகிருக்கிற இடத்துக்கு ஓட விடலாம் என்று மரங்களைக் குடைந்து ஒன்றோடொன்று பொருத்தி எபென்சே வரைக்கும் 40 கிலோமீற்றருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். 13,000 மரமாம், 1607 இல் வேலை முடிந்ததாம். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்களுக்கு வெயில் சும்மா செய்து தந்த வேலைக்கு இவங்கள் காட்டையே எரிச்சிருக்கிறாங்கள்" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா கேள்வி கேட்பதை நிறுத்த முடியவில்லை, அந்தக் கைட் அம்மாவும் சொல்லிக்கொண்டே இருந்தா. சுரங்கத்துக்குள் கிடைத்த மர ஏணிப்படி கி.மு. 1344 ஆம் ஆண்டில் வெட்டின மரத்தில் செய்தது, உப்பு அதை உக்க விடவில்லை. 1734 இல் ஒரு பழைய காலச் சுரங்கத் தொழிலாளியின் உடலே உப்புக்குள் அப்படியே இருந்து கிடைத்ததாம். 1846 இல் ராம்சாவர் என்ற சுரங்க அதிகாரி தோண்டத் தொடங்கி ஆயிரத்துக்குக் கிட்டப் புதைகுழிகளைக் கண்டுபிடித்தார், ஐரோப்பாவின் தொடக்க இரும்புக் காலத்துக்கே இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் பலகையிலும் எழுதியிருக்கும், ஆனால் அப்பா பலகை வாசிக்க மாட்டார், ஆள் சொன்னால் கேட்பார். கைட்டுக்குக் கொடுத்த காசு எனக்கு அந்த வாங்கில் செரித்தது.

மண்டையோட்டு வீடு ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கு முதலே சொல்லி வையுங்கோ. மேல் தேவாலயத்துக்குப் பக்கத்தில் சின்ன மடம், 1,200 மண்டையோடுகள் அடுக்கியிருக்கிறது, அதில் 610 இல் பூவும் இலையும் பெயரும் வரைந்திருக்கிறது. சேமக்காலையில் இடம் காணாது, அதனால் முந்தி பத்துப் பதினைந்து வருஷத்தில் குழியைத் திறந்து, எலும்பை எடுத்து வெயிலில் வெளிற விட்டு, வர்ணம் தீட்டி உள்ளே வைப்பார்களாம். கத்தோலிக்கர்களுக்கு 1963 வரை எரிக்க அனுமதி இல்லை. ஒன்றில் ஐவி இலை வளையம் நெற்றியைச் சுற்றி வரைந்திருந்தது, பச்சை இன்னும் மங்கவில்லை. அப்பா உள்ளே வரவில்லை, படியும் அதிகம். "செத்த வீட்டுக்குப் போனால் முழுக வேணும், இங்கே எங்கே முழுகிறது" என்று வெளியே நின்றார். எதிரில் அவ்வளவு பெரிய ஏரி.

சாப்பாடு. மரக்கறி என்று கேட்டால் சீஸ் போட்ட மாவுருண்டைகளைத் தருவார்கள், மேலே பொரித்த வெங்காயம். நல்லாத்தான் இருக்கும், ஆனால் மாவுக்குள் முட்டை. கைசர்ஷ்மாரன் என்ற இனிப்பு, அதிலும் முட்டை. வெள்ளிக்கிழமை அம்மாவுக்குச் சரிவராது. மச்சாளிடம் சொல்லிப் புட்டோ இடியப்பமோ கட்டிக்கொண்டு போங்கோ, கரையில் வாங்குகள் இருக்கின்றன, அன்னங்கள் வந்து பக்கத்தில் நிற்கும். மழைக்கோட்டை மறக்க வேண்டாம், அந்தப் பக்கத்து மழையைச் சால்ஸ்பேர்க்காரர் நூல் மழை என்பார்கள், தொடங்கினால் அறாது.


கொக்குவில் வாணி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு தம்பியோடு கதைத்தேன். காரை அவனே ஓட்டுகிறான், விடிய 7 மணிக்கு வெளிக்கிடுவோம். ஊர்க் கைட் ஒரு ஆளை இரண்டு மணித்தியாலத்துக்குக் கேட்டிருக்கிறான், உரிமம் இருக்கா என்று கேட்டதற்கு அந்த அம்மா கோபப்படவில்லையாம், உடனே படம் எடுத்து அனுப்பியிருக்கிறா. ஓபர்த்ரவுனில் இருந்து ரெயினும் படகும் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும், மற்றவர்கள் காரில். சுரங்கம் வேண்டாம். மச்சாள் கைக்குழல் புட்டு அவிப்பா.

மண்டையோட்டைச் சொன்னேன், அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உப்பைச் சொன்னதும்தான் நிமிர்ந்து, "அங்கே உப்பு விற்பாங்களோ, ஒரு கிலோ வாங்கு, ஊறுகாய் போட்டுப் பார்ப்பம்" என்றா.


இணுவில் வான்:

கைப்பைக்குள் போடாமல் பெரிய பெட்டிக்குள் போடச் சொல்லுங்கோ தங்கச்சி. வெள்ளைத் தூள் பைக்கற்றை வைத்துக்கொண்டு கட்டுநாயக்கா எயார்போர்ட்டில் விளக்கம் சொல்ல அந்தக் கைட் வரமாட்டா.