கலைச்சொல் தேவை: இஸ்லாமும் மாணவர் அரசியலும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

அரசறிவியல் முதுகலை மாணவர்க்காக நான் மொழிபெயர்க்கும் இயல் வெள்ளியன்று அச்சுக்குச் செல்ல வேண்டும். முஸ்லிம் மாணவர் அரசியலில் ஈடுபடுவது ஒன்று. ஆட்சியும் சட்டமும் இஸ்லாத்தின் வழி அமைய வேண்டும் என்னும் கொள்கையோடு மாணவர் இயங்குவது மற்றொன்று. இரண்டையும் 'இஸ்லாமிய மாணவர் இயக்கம்' என்றே எழுதிவருகிறோம். 1947இல் யோக்யகர்த்தாவில் தொடங்கிய இந்தோனேசிய இஸ்லாமிய மாணவர் சங்கமும், அதே ஆண்டு லாகூரில், ஜமாஅத்தே இஸ்லாமி கட்சியை நிறுவிய மௌதூதியின் சிந்தனையைப் பின்பற்றி எழுந்த இஸ்லாமி ஜமியத்தே தலபா என்னும் மாணவர் அமைப்பும் இத்தொடருக்குள் ஒன்றாகிவிடுகின்றன. முன்னதன் தலைவராயிருந்த நூர்கோலிஷ் மஜீதோ, 1970இல் 'இஸ்லாம் வேண்டும், இஸ்லாமியக் கட்சி வேண்டா' என்றவர். பின்னதன் கொள்கைக்கு 'இஸ்லாமியவாதம்' என்பதும், அதன் வழி மாணவர் இயங்குவதற்குச் 'செயற்பாடு' என்பதும் பொருந்துமா?

மறுமொழி: தமிழாசிரியர்

ஐயா, 'வாதம்' வேண்டா. அது வடசொல் என்பதோடு, தீவிரவாதம், பயங்கரவாதம் என நாளிதழ்கள் பழக்கிய ஓசையும் கூடவே வரும். படிப்பவர் பொருளறியுமுன் தீர்ப்பெழுதிவிடுவார். மார்க்சியம், பெண்ணியம் போல 'இஸ்லாமியம்' எனலாம். 'செயற்பாடு' என்பதும் தளர்ந்த சொல்; 'செயன்முனைப்பு' என்க. மகரத்தின்முன் லகரம் னகரமாதல் 'செயன்முறை'யில் கண்டதே.

மறுமொழி: விரிவுரையாளர்

புணர்ச்சி சரி, அம்மா. ஆனால் 'செயன்முனைப்பு' என்பதை மாணவர் பிரித்தறிவதற்குள் பாடவேளை முடிந்துவிடும். 'இஸ்லாமியம்' என்று மார்க்கத்தையே குறிப்பவர் பலர். அதை அரசியற்கொள்கைக்குப் பெயராக்கினால், பிரிக்க முயன்றவை மீண்டும் ஒட்டிக்கொள்ளும். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் ஆண்ட 'தீன்' (மார்க்கம்) என்னும் அரபுச் சொல்லைக்கொண்டு 'தீனரசியல்' என்று ஆக்கிப் பார்த்தேன். தீனர் என்றால் ஏழையர் என்றும் பொருள், ஏழையரின் அரசியல் என்று படிக்கப்படும் என்பதால் விட்டுவிட்டேன், ஓசை என்னவோ அழகுதான். தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் மார்க்கம் என்றால் இஸ்லாமே. 'மார்க்க அரசியல்' எனலாமே?

மறுமொழி: இதழாளர்

'மார்க்க'மும் வடசொல்தான், 'மிதவாத'த்திலும் வாதம் உண்டு. அமைப்பின் பெயரைக்கொண்டு வகைப்படுத்தவும் இயலாது: 1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றியோர், தம்மை 'இமாமின் (கொமெய்னியின்) வழி நடக்கும் முஸ்லிம் மாணவர்' என்றே அழைத்துக்கொண்டனர்; பெயரில் 'முஸ்லிம் மாணவர்' என்றிருந்தும் கொள்கையால் அவர்கள் இரண்டாம் வகையினர். இதழ்களில் 'அரசியல் இஸ்லாம்' புழங்குகிறது; அதுவே போதும்.

மறுமொழி: மொழிபெயர்ப்பாளர்

இதழ்களில் ஏற்கெனவே புழங்கும் தொடர் என்பதால், 'அரசியல் இஸ்லாம் சார்ந்த மாணவர் செயற்பாடு' என்றே எழுதுகிறேன். நீளம் பொறுக்க.

மறுமொழி: தமிழாசிரியர்

உடன்படேன். அரசியலற்ற இஸ்லாம் தனியே உண்டு என்று அத்தொடர் முன்கூட்டியே முடிவுசெய்கிறது. மௌதூதி வழியினர் மறுப்பதே அதைத்தான். அவர்கள் ஏற்காத பிரிவினையை அவர்களுக்கே பெயராகச் சூட்டுகிறோம் என்று அடிக்குறிப்பிலேனும் எழுதுக.