புதுப்பிப்பு: அப்டேட்டுக்குப் பின் திறந்ததுமே மூடிக்கொண்ட கேலரி சரியாகிவிட்டது

ஆண்ட்ராய்டு அப்டேட் போட்டதிலிருந்து கேலரி ஆப் ரெண்டு எண்ணுவதற்குள் மூடிக்கொள்கிறது என்று போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கேச் (ஆப் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள்) அழித்தேன், பலன் இல்லை. நாமாகப் போட்ட ஆப்கள் ஓடாத சேஃப் மோடிலும் அதே கதை. அப்புறம், 'மெமரி கார்டைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள்' என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. போனை அணைத்து, ட்ரே ஊசி கிடைக்காமல் அம்மாவின் ஊக்கால் குத்திக் கார்டை எடுத்தேன். கேலரி சமர்த்தாகத் திறந்தது! ஆக, கோளாறு கார்டில்தான்.

கார்டைத் திரும்பப் போட்டு, ஃபைல் மேனேஜரில் கேமரா ஃபோல்டரை அளவுப்படி வரிசைப்படுத்தினேன். அடியில் 0 கேபி என்று ஒரு வீடியோ. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு மதுரை யானைக்கல் பக்கம் நெரிசலில் நின்று எடுத்தது. சரியாகக் குதிரை தெரியும் நேரத்தில் சார்ஜ் தீர்ந்து பாதியில் நின்றுபோனது. பழைய கேலரி அதைக் கண்டுகொள்ளவில்லை, புதியது அதற்கு தம்ப்நெயில் (சின்ன முன்னோட்டப் படம்) போடப் போய் விழுந்திருக்கிறது என்பது என் ஊகம். அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். ஐந்து நாளாகத் தொல்லை இல்லை.

எதிர்பாராதது ஒன்று: நடுவில் அவசரப்பட்டு கேலரியின் டேட்டாவையும் அழித்துவிட்டேன். படங்கள் பத்திரம். ஆனால் பிடித்தவை என்று குறித்து வைத்திருந்தது மொத்தமும் போச்சு. டேட்டாவில் கை வைக்கும் முன் கார்டைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.