நார்ட்டன் கமாண்டோ: எஞ்சினைப் பிரிக்கும் முன் ரப்பரைப் பாருங்கள்

பழைய பிரிட்டிஷ் ட்வின் (இரட்டை சிலிண்டர்) மோட்டார் சைக்கிள்களில் அதிர்வால் கை மரத்துப்போவது பற்றிப் பலர் எழுதியதைப் பார்த்து என் அனுபவத்தையும் சொல்லலாம் என்று நினைத்தேன். என்னிடம் இருப்பது 1973 நார்ட்டன் கமாண்டோ 850. வாங்கிய புதிதில் அறுபது மைல் வேகத்தைத் தொட்டால் கண்ணாடியில் பின்னால் வரும் கார் காரா லாரியா என்றே தெரியாது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சாலைகளில் ஓட்டி மேட்லாக் பாத் என்ற ஊரில் போய் இறங்கினால் விரல்களில் வெகுநேரம் உணர்ச்சியே இருக்காது. ஒரு பட்டறையில் காட்டினேன். கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) வெளியே எடுத்து மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும் என்றார்கள். பெரிய செலவு.

எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) நொடிக்கு 50 தடவை இரண்டும் சேர்ந்து உச்சியில் நின்று திரும்புகின்றன. கிராங்கில் எவ்வளவு எடை சேர்த்தாலும் மேல் கீழ் ஆட்டத்தில் ஒரு பங்கை முன் பின் ஆட்டமாகத் திருப்பலாம், அவ்வளவுதான். அதிர்வு ஒழியாது. இது நார்ட்டன்காரர்களுக்கும் நன்றாகவே தெரியும். இதற்கு முந்தைய நார்ட்டன் வண்டியான 750 அட்லஸ் அந்த அளவுக்கு உதறியதால்தான் 1967-இல் காட்டிய கமாண்டோவில் ஐசோலாஸ்டிக் முறையைக் கொண்டுவந்தார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மூன்றும் ஒரே கட்டாக இருக்கும். அந்தக் கட்டு முன்னால், பின்னால், சிலிண்டர் தலைக்கு மேல் என மூன்று இடத்தில் ரப்பர் வழியாக மட்டுமே ஃபிரேமைப் பிடித்திருக்கும். எஞ்சின் ஆடட்டும், ஓட்டுகிறவர் ஆடக் கூடாது என்பதுதான் யோசனை. அப்படியிருக்க என் கைக்கு அதிர்வு வருகிறதென்றால், எங்கேயோ இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

முன் மவுண்டில் (முன்பக்க ரப்பர் பிடிப்பில்) பக்கவாட்டு இடைவெளி 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எஞ்சினை ஒரு பக்கமாக நெம்பிப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை) விட்டுப் பார்த்தேன். மெல்லிய தகடுகூட நுழையவில்லை. மேலே மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் இறங்கி, ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்கள்) துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தன. கழற்றியபோது செம்பழுப்புப் பொடியாகக் கொட்டியது. உள்ளே இருந்த ரப்பர் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகிப் போயிருந்தது. தலைக்கு மேலிருந்த சிறிய ரப்பர்களில் ஒன்று பாதி கிழிந்து தொங்கியது.

முன் மவுண்ட் சுலபம். பின்னால் ரப்பரை மாற்ற எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் நகர்ந்தாக வேண்டும், பொறுமை வேண்டும். மூன்று இடத்திலும் புது ரப்பர் போட்டேன்; முன், பின் மவுண்டுகளில் புது வாஷர், சிலிக்கான் கிரீஸ் போட்டு இடைவெளியை 0.010-க்கே வைத்தேன். இதைவிடக் குறைத்தால் வளைவில் வண்டி இன்னும் உறுதியாக நிற்கும், ஆனால் அதிர்வு ஏறும். கூட்டினால் வால் ஆடும், அது ஆபத்து.

அப்புறம் சைலன்சர். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குழாயை முறுக்கலாக மாட்டினால் சைலன்சரின் ரப்பர் எந்நேரமும் இழுபட்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, சிலிண்டர் தலையில் இருக்கும் நட்டுகளை முதலில் இறுக்கி, சைலன்சர் ரப்பரைக் கடைசியில் இறுக்கினேன். இரண்டு அமல் கார்புரேட்டரும் ஒன்றாகத் திறக்கும்படி கேபிளையும் சரி செய்தேன்.

இப்போது ஐட்லிங்கில் முன்சக்கரம் துள்ளும், மட்கார்டு நடுங்கும். அது இந்த வண்டியின் இயல்பு, பயப்பட வேண்டாம். 2500-ஐத் தாண்டும்போது ஆட்டம் சட்டென்று அடங்குகிறது. 3000-க்கு மேல் கண்ணாடியில் நம்பர் பிளேட்டையே படிக்கலாம்! அந்த முதல் ஓட்டத்தின் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை.

ட்ரையம்ஃப் போனவில் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள். நண்பரின் டி140 போனவில்லில் எஞ்சின் நேராக ஃபிரேமில் போல்ட் செய்யப்பட்டது. அங்கே வேலை தலைகீழ்: எஞ்சின் போல்ட், தலைக்கு மேலிருக்கும் பிடிப்பு எல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும், ஒன்று தளர்ந்தாலும் உதறல் கூடிவிடும். அவருக்கு அந்தப் போல்டுகளை இறுக்கி, ஹேண்டில்பாரைத் தாங்கும் ரப்பர் புஷ்களை மாற்றியதிலேயே பாதி குறைந்தது.

கமாண்டோக்காரர்களுக்கு இன்னொன்று: புது ரப்பர் கொஞ்சம் ஓடியதும் படியும். சில நூறு மைல் போனபின் இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள். எனக்கு முன்பக்கம் ஒரு ஷிம் மாற்ற வேண்டியிருந்தது.