நடுத்திட்டில் பஸ் ஏறினால் அது எந்த ரவுண்டானா?

தடம்தேடி: வணக்கம். பிரிட்டனில் இருந்தவரை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்) மினி ரவுண்டபவுட், அதாவது குட்டி ரவுண்டானா, போடுவதில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை. சந்திப்பின் நடுவில் வெள்ளைப் பெயின்ட் வட்டம், முன்னால் நீலப் பலகையில் மூன்று வெள்ளை அம்புகள். வரைபடத்தில் சந்திப்புப் புள்ளியில் டேக் (அது என்ன வகை என்று சொல்லும் குறிச்சொல்) போட்டால் வேலை முடிந்தது. இப்போது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் குடிவந்துவிட்டேன். எங்கள் தெரு முனைச் சந்திப்பில் கல் பதித்த தாழ்வான திட்டு. நீளமான பஸ் திரும்பும்போது பின்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்குகிறது, கல்லெல்லாம் டயர் கறுப்பு. நீலப் பலகை உண்டு. இதை யாரோ முழு வட்டமாக வரைந்து ஜங்ஷன்=ரவுண்டபவுட் (முழு ரவுண்டானாவுக்கான டேக்) என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி இன்னொன்று: நடுவில் மரம், சுற்றிலும் உயரமான கல்விளிம்பு, பலகை எதுவும் கிடையாது. அதற்கும் அதே டேக். மாற்றலாமா?

கோணக்கோடு: முதலாவதைத் தாராளமாக மாற்றுங்கள். வெளிவிட்டத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அது நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மன் வழிகாட்டியில் மினி என்றால் 13 முதல் 22 மீட்டர். அமெரிக்காவில் 90 அடி, அதாவது 27 மீட்டர் வரைக்கும் மினிதான். பார்க்க வேண்டியது நடுத்திட்டை: பெரிய வண்டி ஏறிப்போக முடியுமா? முடியும் என்றால் புள்ளியில் மினி டேக். ஏற முடியாத திட்டு என்றால் வட்டக் கோடு. கார்காரர் குறுக்கே ஏறிப் போவது ஜெர்மனியில் தப்பு. அளவு காரணமாக வேறு வழியில்லாத வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. டேக்குக்கு அது போதும்.

மரம் நிற்பது வேறு கதை. இந்த மினி பிறந்ததே முன்னுரிமை விதியால்தான். 1966-ல் பிரிட்டனில் வலப்பக்கம் வருபவருக்கு, அதாவது ஏற்கெனவே வட்டத்தில் இருப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று விதி வந்தது. வட்டம் அடைத்துக்கொள்வது நின்றதும், இவ்வளவு பெரிய திட்டு எதற்கு என்று பிரிட்டிஷ் சாலைப் பொறியாளர் ஃபிராங்க் பிளாக்மோர் நடுவைச் சுருக்கிக்கொண்டே போனார். (1972-ல் இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில் ஐந்து மினியை ஒரு வளையமாக அடுக்கியவரும் அவரே. அதில் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று!) ஆக, உள்ளே இருப்பவருக்கு முன்னுரிமை இல்லையென்றால் அது ரவுண்டபவுட்டே இல்லை. ஜெர்மனியில் அந்த முன்னுரிமை வர நீலப் பலகையும், நுழைவில் வழிவிடு பலகையும் சேர்ந்து இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் வலப்பக்கம் வருபவருக்கே, அதாவது அங்கே வட்டத்துக்குள் நுழைபவருக்கே, முதல் வழி. உங்கள் மரத்துக்கு ஜங்ஷன்=சர்க்குலர் (வட்டமாக இருந்தும் உள்ளே இருப்பவருக்கு முன்னுரிமை இல்லாத சந்திப்புக்கான டேக்) போடுங்கள். பாரீஸில் ஆர்க் த ட்ரியோம்ஃப் வளைவைச் சுற்றி நடப்பதும் அதே சங்கதிதான்.

மழைக்கோட்டு: நான் சியாட்டில். இங்கே வீட்டுத் தெருச் சந்திப்புகளில் செடி வைத்த குட்டி வட்டங்கள் ஏகப்பட்டது, தெருவாசிகளே தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். விளிம்பு கான்கிரீட். இதையெல்லாம் மினி என்று போட்டுவைத்திருப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ரோஜாச் செடிமேல் எந்த லாரி ஏறும்?

காந்திபுரத்தான்: கோவையிலிருந்து ஒரு சந்தேகம். நடுவில் சிலை, சுற்றி கம்பி வேலி, நாலு பக்கமும் சிக்னல். ஊரே ரவுண்டானா என்றுதான் சொல்கிறது.

கோணக்கோடு: சிக்னல்தான் வழிவிடுகிறது என்றால் அதுவும் சர்க்குலர்தான். ரவுண்டானா என்ற பெயரைப் பெயர்ப் பகுதியில் போடுங்கள், வழிகாட்டும் ஆப் அதைச் சொல்லட்டும்.

தடம்தேடி, இன்னொன்று: வட்டத்தை அழித்துப் புள்ளியாக்கும் முன் அதன்மேல் வரைபடத்தில் பதிந்த பஸ் தடம் ஏதாவது போகிறதா என்று பாருங்கள். அவசரத்தில் அழித்தால் தடம் நடுவில் அறுந்து நிற்கும். வண்டி சுற்றும் திசைக்கான டேக் அங்கே தேவையில்லை; எதுவும் போடாவிட்டால் இடஞ்சுழி (கடிகாரத்துக்கு எதிர்த்திசை) என்றே எடுத்துக்கொள்ளும். பிரிட்டனில் போட்டவற்றில்தான் கடிகாரத் திசை என்று சேர்த்திருக்க வேண்டும்.

தடம்தேடி: பஸ் தடம் இரண்டு போகிறது. முதலில் அவற்றைப் பிரித்துச் சேர்த்துவிட்டு வட்டத்தைத் தொடுகிறேன். மரத்தைச் சர்க்குலர் ஆக்கியாயிற்று.